பதினான்கு ஜோடிக் கால்கள்

பிள்ளைகளைத் தலை பார்த்து எண்ணக் கூடாது, கால் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது காப்பகத்து அத்தையின் கட்சி. மதியத் தூக்கத்தில் பாதிப் பேர் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொள்வார்கள். கால்கள் மட்டும் எப்படியும் வெளியே வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கணக்கு பிசகியதில்லை என்று புதிதாக வரும் பெற்றோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். கேட்கக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தாலும் அது உண்மைதான்.

பதினான்கு பிள்ளைகளில் சிட்டுவைப் பற்றித்தான் அத்தைக்குக் கவலை. மூன்று வயது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண், அம்மா மறுபடி வேலைக்குப் போன நாளிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டாள். நான்கு மாதமாக வீட்டிலும் பேச்சு இல்லை, இங்கும் இல்லை. காதில் குறை ஒன்றுமில்லை, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர்.

"பேரு சிட்டு, ஒரு கீச்சு கூடக் கிடையாது" என்பாள் சமையல்கார அக்கா.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. அன்று காலை கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "வேலையை விடறேன்னு எழுதி வச்சிட்டேன் அத்தை. திங்கக்கிழமை குடுத்துடுவேன். எல்லாம் என்னாலதான்."

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்பது அத்தைக்குத் தெரியும்.

மழைக் குளிர். எல்லோருக்கும் காலுறை மாட்டித் தூங்க வைத்தாள். வரிசையாக நடந்து எண்ணினாள். பதினான்கு ஜோடி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்போது தூங்கினாள் என்று அக்கா சொல்வாள். நாம் அதற்குள் போக வேண்டாம்.

மூன்றேகாலுக்கு ஒவ்வொரு போர்வையாக விலக்கினாள். ஜன்னலோரப் போர்வைக்கு அடியில், சிட்டுவின் காலுறைகளை மாட்டிக்கொண்டு, பெரிய துணிப் பொம்மை பல்லைக் காட்டிச் சிரித்தது.

அத்தை பதறிப்போய்ச் சிட்டுவைத் தேடினாள். குளியலறையில் இல்லை. மேசைக்கடியில் இல்லை. வாசல் கதவுக்கு ஓடினாள். தண்ணீர் கேன் போட வந்தவன் தாழ்ப்பாளைச் சரியாகப் போடாமல் போயிருந்தான். அக்கா கரண்டியும் கையுமாகத் தெருவுக்குப் பாய்ந்தாள். 'கடவுளே, சிட்டு அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்!' என்று தவித்தாள் அத்தை.

பாய்கள் அடுக்கும் சின்ன அறையைத் திறக்கப் போனபோதுதான் உள்ளே குரல் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தாள். வெறுங்காலோடு சிட்டு. எதிரே ஒரு கரடி, இரண்டு முயல், ஒரு லாரி, எல்லாம் கைக்குட்டை போர்த்திப் படுத்திருந்தன. சிட்டு லாரியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு, பத்து. கண்ணை மூடு. அத்தை தூங்கல. கண்ணைத்தான் மூடியிருக்கேன்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போன உயிர் திரும்பி வந்தது. மூச்சிரைக்க வந்த அக்காவைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, வாயில் விரல் வைத்துக் காட்டினாள். உள்ளே போய் 'இன்னொரு தடவை சொல்லு' என்று பிள்ளையைப் பிடுங்கவில்லை. விளையாட்டு முடியும்வரை இருவரும் வெளியே காவல் இருந்தார்கள்.

"பேசினதை மட்டும் சொல்லு, தொலைச்சதை எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்றாள் அக்கா பிறகு.

நல்ல யோசனைதான். ஐந்தரை மணிவரை அத்தை அதை ஆசையோடு சுமந்துகொண்டிருந்தாள். அம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் வாய் தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டது.

"இன்னைக்கு என் எண்ணிக்கை தப்பிப் போச்சும்மா. கொஞ்ச நேரம் சிட்டுவைக் காணோம்."

அம்மாவின் முகம் வெளிறியது. "எவ்வளவு நேரம்?"

"தேடினது பத்து நிமிஷம். அதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு எனக்கே தெரியல. நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன். பாய் ரூம்ல உட்காந்து பேசிக்கிட்டிருந்தா."

"யாரு?"

"சிட்டுதான்."

"என்ன பேசினா?"

இருபத்திரண்டு வருட மானம் போகிறதே என்று ஒரு கணம் தயங்கினாள் அத்தை. பிறகு ஒரு வார்த்தை விடாமல், தன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

அம்மாவுக்குக் கோபப்பட நேரமே கிடைக்கவில்லை. சிரிப்பு பீறிட்டது, நடுவிலேயே அழுகையும் உடைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு மாதத்துக்குமாகச் சேர்த்து அழுதாள்.

துணிப் பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு சிட்டு வந்தாள். அம்மாவை முறைத்தாள்.

"அம்மா, சத்தம் போடாத. இப்பத்தான் கண்ணசந்தா."

மூன்று பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.