பட்டி போட்ட வயிறும் ஒரு கணவாய்த் துண்டும்

சண்டையில் இடம்பெயர்ந்த காலத்தில் எல்லோரும் மெலிந்தார்கள். நான் மட்டும் பருத்தேன். உயிலங்குளத்தில் மீளக்குடியேறியபோது உட்காரப் போனால் கதிரைகள் என்னைக் கண்டு பயந்தன. கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில், கொழும்பில் என் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி அதிகம் தின்ன முடியாதபடி, உள்ளே தண்ணீர் ஏற்றிய ஒரு பட்டி போட்டு இறுக்கினார்கள். கொஞ்சக் காலத்துக்குத் தண்ணீர்ச் சாப்பாடு மட்டுமே என்றார் டொக்டர்.

அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரர் முற்றத்தில் கூடி, நண்டும் கணவாய் மீனும் போட்டு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். நானும் பனையோலையில் கோலிய பிளாவை நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, டொக்டர் என்ன சொன்னவர்?" என்றாள் மனைவி.

"கூழும் தண்ணிதானேயப்பா. ஓலையில ஓடுது, பார்."

மூன்றாவது மிடறில் ஒரு கணவாய்த் துண்டு வழுக்கிப் போய்ப் பட்டியில் சிக்கியது. நெஞ்சு அடைத்தது. எச்சில்கூட இறங்கவில்லை. கொழும்பு வரை எச்சில் துப்ப ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி போனேன்.

"இவ்வளவு சண்டையிலயும் தப்பி வந்து, கணவாயிலயோ சாகப் போறியள்?" என்று மனைவி அழுதுகொண்டே ஏசினாள்.

பட்டியோடு இணைத்து என் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருந்த சிறு குமிழில் டொக்டர் ஊசி ஏற்றி, பட்டிக்குள் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் எடுத்தார். அவ்வளவுதான். குளத்துத் துருசு திறந்து தண்ணீர் பாய்ந்ததுபோல் எல்லாம் இறங்கியது. காலமெல்லாம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நான், ஒரு வாய்த் தண்ணீர் என் நெஞ்சுக்குள் இறங்குவதை அன்றுதான் மூச்சடக்கிக் கவனித்தேன்.

இப்போது கூழை வடித்துத் தேக்கரண்டியால் குடிக்கிறேன். சட்டியை வழித்தவனுக்கு அரைக் கோப்பையில் வயிறு நிறைகிறது. ஒவ்வொரு முறையும் கரண்டியை வைத்துவிட்டு அதிசயித்துப்போய் இருப்பேன். என் பங்குக் கணவாயை மனைவி எதிரில் இருந்து ஆறுதலாக, அவசரமில்லாமல் மெல்லுவாள்.