சவரிமுத்துவின் பெயரை நான் திருத்திய கதை

பத்தொன்பது வருடம் டிக்கெட் போட்டுப் பிழைத்தவள் நான். கூனிமேட்டில் ஆரம்பித்துச் சென்னையில் முடித்தேன். இத்தனை வருடத்தில் என்னால் ஒரே ஒரு ஆள்தான் ஏர்போர்ட் கவுண்டரில் பெட்டியோடு நின்றார். அதற்குக் காரணம் என் சோம்பேறித்தனம் இல்லை, என் படிப்பு. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைவிட அதிகம் படித்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1. படம் வரைகிற முதலாளி

2004-இல் பி.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு ரஹீம் பாய் கடையில் சேர்ந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம், ஒரு பக்கம் பரோட்டாக் கடை, மறுபக்கம் பஞ்சர் கடை, நடுவில் நாங்கள். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் துபாய், சவூதி, குவைத் என்று போகிற எங்கள் ஊர் ஆட்கள். "ஸ்டாம்பிங் ஆச்சா?" என்பதுதான் எங்கள் கடையில் நலம் விசாரிக்கிற முறை. பாஸ்போர்ட்டில் குத்து விழுந்தால் பிரியாணி, விழாவிட்டால் சண்டை.

ரஹீம் பாய் ஐந்தாம் வகுப்பு. ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. ஆனால் டிக்கெட் அடிப்பார். பாஸ்போர்ட்டை இடது கையில் விரித்து, பெயருக்கு அடியில் ஸ்கேலை வைத்து, ஒரு எழுத்தைப் பார்ப்பார், கீபோர்டில் அதைத் தேடுவார், ஒரு விரலால் அடிப்பார், மறுபடி பாஸ்போர்ட்டுக்கு வருவார். ஒரு பெயர் முடிவதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

"இன்னா பாய், படம் வரையறீங்களா?" என்று கேட்பேன்.

"உனக்குப் படிக்கத் தெரியும், அடிக்கறே. எனக்குத் தெரியாதே, பாத்துதானே அடிக்கணும்" என்பார். கோபமே வராது மனுஷனுக்கு. எனக்குத்தான் அவருக்கும் சேர்த்து வரும்.

அந்தக் கீபோர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு ஆணி, பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றுதான். எங்கள் கீபோர்டில் யூ எழுத்தை அழுத்தினால் அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும். திரையில் யூ யூ யூ என்று ரயில் ஓடும். நகத்தால் நெம்பித் தூக்க வேண்டும். புதுசு வாங்குங்கள் என்றால், "மத்த இருபத்தஞ்சும் நல்லாத்தானே இருக்குது" என்பார் பாய்.

2. ஒட்டாத விசா

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஜூன் மாதம், சவரிமுத்து கடைக்கு வந்தார். மரக்காணத்தில் உப்பளத்தில் பங்கு உள்ளவர். அறுபது வயதிருக்கும். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சு பாஸ்போர்ட். ஊரில் பிரெஞ்சு சவரி என்றால்தான் தெரியும். பிரான்சுக்கு இரண்டு தடவை போய்விட்டு, "அந்தக் குளிருக்கு மனுசனே காய மாட்டான், உப்பு எங்க காயும்" என்று திரும்பி வந்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள் ரோஸ்லின் சிட்னியில் நர்ஸ். அங்கேயே கல்யாணம், அந்த வாரம் சனிக்கிழமை காலையில் கோயிலில். அம்மா இல்லாத பெண். ரோஸ்லின் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அந்த அம்மாள் காலமாகிவிட்டார்.

"அவங்க கோயில்ல வாசல்லேருந்து பீடம் வரைக்கும் அப்பன்தான் கையப் புடிச்சு இட்டுனு போவணுமாம்" என்றார் சவரிமுத்து. "மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, வேணும்னா அவரு வரட்டும்னு சொன்னாங்க. எம்பொண்ணு, நீ வரலன்னா நான் தனியாவே நடந்து போறேன், வேற யாரு கையும் வேணாம்னு சொல்லிட்டா. பிடிவாதம், அவங்கம்மா மாதிரி."

டிக்கெட்டைப் பாய் முந்தின வாரமே வரைந்து முடித்திருந்தார். வியாழக்கிழமை காலை சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக. அதை விட்டால் அடுத்த சீட் சனிக்கிழமை. போய் இறங்குவதற்குள் கல்யாணம் முடிந்து கேக்கும் தீர்ந்திருக்கும். பாக்கி இருந்தது ஆஸ்திரேலியாவுக்குள் போகிற அனுமதி, அந்த ஈ.டி.ஏ. மட்டும். அதைப் பாய் என்னிடம் தள்ளிவிட்டார்.

ஈ.டி.ஏ. என்றால் இதுதான். நம் இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியா என்றால் ஃபாரம், பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சான்று, வாரக்கணக்கில் காத்திருப்பு. பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் சும்மா கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வருவதற்கு அந்தப் பாடெல்லாம் கிடையாது. டிக்கெட் போடும் சிஸ்டத்திலேயே பெயர், பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி அடித்து அனுப்பினால் டீ ஆறுவதற்குள் சரி என்று பதில் வந்துவிடும். பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்ட மாட்டார்கள், குத்த மாட்டார்கள். எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். ஏர்போர்ட்டில் ஏர்லைன்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட்டை ஒரு பார்வை பார்த்தேன். தடதடவென்று அடித்தேன். நாற்பது வினாடி. "முடிஞ்சுது சார்" என்று நீட்டினேன்.

அவர் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் புரட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கம்மா ஒட்டினே?"

"ஒட்ட மாட்டாங்க சார். இது எலெக்ட்ரானிக்."

"குத்தவாவது குத்தினியா?"

"குத்தவும் மாட்டாங்க."

"அப்ப இன்னாதான் குடுத்தே? உப்பு விக்கறேன்னு சொல்லிட்டு வெறுஞ்சாக்கு குடுக்கற மாதிரி இருக்குது."

விளக்கினேன். மறுபடி விளக்கினேன். பாய் ஒரு தடவை விளக்கினார், எனக்கே குழம்பிப்போனது. கடைசியில் சவரிமுத்து, "எனக்கு ஒரு சீட்டு வேணும். சீட்டு இல்லாம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்று நாற்காலியில் சம்மணம் போட்டுவிட்டார்.

சரி, தொலையட்டும் என்று திரையில் இருந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்து, எங்கள் கடையின் ரவுண்ட் சீலை ஊதா மையில் ஓங்கிக் குத்திக் கொடுத்தேன். ஆஸ்திரேலியாவில் அந்தச் சீலுக்கு என்ன மதிப்பு? கூனிமேட்டிலேயே அதற்கு மதிப்பு கிடையாது. அவருக்கு முகமெல்லாம் பல். பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். போன பிறகு நான் சிரித்த சிரிப்பில் பரோட்டாக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

3. காலை பத்து மணி

வியாழக்கிழமை. காலையிலேயே கரண்ட் இல்லை. மராமத்து வேலை, மதியம்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. ஏர்லைன் கவுண்டரிலிருந்து ஒரு பெண்.

"மேடம், மிஸ்டர் சவரிமுத்துன்னு உங்க பாசஞ்சர் இங்க நிக்கறார். சிஸ்டம்ல இவருக்கு ஈ.டி.ஏ. காட்டல மேடம். பாஸ்போர்ட்டோட மேட்ச் ஆகல."

"ஆகாம எப்படி? நான்தான் போட்டேன்" என்று எகிறினேன். அப்போது எனக்கு வாய் அதிகம்.

"ஒரு நிமிஷம் மேடம். இவர் ஒரு பேப்பர் காட்டறார். ஏதோ சீல்லாம் போட்டிருக்கு." சிரிப்பை அடக்குவது கேட்டது. அப்புறம் அந்தக் குரல் மாறியது. "மேடம், பாஸ்போர்ட்ல பேரு வேற ஸ்பெல்லிங். உங்க பேப்பர்ல வேற ஸ்பெல்லிங். டிக்கெட் கரெக்டா இருக்கு. ஈ.டி.ஏ. மட்டும் தப்பு."

மேஜையில் கிடந்த பாஸ்போர்ட் ஜெராக்ஸை இழுத்தேன்.

பிரெஞ்சுக்காரன் நம் பெயரை அவன் காதுக்குக் கேட்டபடி எழுதி வைத்திருக்கிறான். மு என்பதற்கு எம், ஓ, யூ. து என்பதற்கு டி, ஓ, யூ. நடுவில் இன்னொரு டி. வ-வுக்குப் பக்கத்தில் ஏ வர வேண்டிய இடத்தில் ஈ. நான் என்ன செய்தேன்? பார்த்தவுடன் என் மண்டை அதைச் 'சவரிமுத்து' என்று தமிழில் படித்துவிட்டது. பிறகு காலேஜில் பழகின கை, நம் ஊர் ஸ்கூல் சர்டிபிகேட்டில் எழுதுகிற மாதிரி எம், யூ, டி, எச், யூ என்று அழகாக அடித்துவிட்டது. தப்பாக எழுதியிருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். யாரும் கேட்காமல்.

"கவுண்டர் பத்தரைக்கு க்ளோஸ் மேடம். அதுக்குள்ள புதுசா போட்டா அனுப்பிடுவேன். இல்லன்னா..." என்றாள் அந்தப் பெண். அவளிடமிருந்து ஃபோனைச் சவரிமுத்து வாங்கினார். கத்துவார் என்று நினைத்தேன்.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "எம்பொண்ணு தனியா நடக்கப் போவுதும்மா."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடையில் ஒரே டெலிபோன் லைன். ஃபோனை வைத்தால்தான் நெட் வரும். பாயின் செல்ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்தேன். யூ.பி.எஸ். கிழட்டு யூ.பி.எஸ்., ஆறேழு நிமிஷம் தாங்கும். கம்ப்யூட்டரைப் போட்டோம். மோடம் கரகரவென்று அழுது ஒரு வழியாக ஒட்டியபோது அதில் பாதி போய்விட்டது. யூ.பி.எஸ். பீப் பீப் என்று கூவ ஆரம்பித்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயரை அடித்தேன். எம் அடித்தேன், அடுத்து விரல் தானாக யூ-வுக்குப் போனது. யூ உள்ளே உட்கார்ந்துகொண்டது. திரையில் ரயில். நகத்தால் நெம்பினேன், நகம் உடைந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் எம், யூ. சத்தியமாகச் சொல்கிறேன், கண் ஜெராக்ஸைப் பார்க்கிறது, கை சவரிமுத்துவை அடிக்கிறது. அழுகை வந்துவிட்டது.

பாய் எழுந்து வந்தார். ஜெராக்ஸை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டார். பெயருக்கு அடியில் ஸ்கேலை வைத்தார்.

"நீ படிக்காதே. நான் சொல்றத மட்டும் அடி."

"பாய், டைம் இல்ல..."

"எஸ்" என்றார்.

அடித்தேன்.

"ஏ. வி. ஈ."

ஈ. நான் ஏ அடிக்கப் போன இடம். அவருக்கு அது சவரியும் இல்லை, முத்துவும் இல்லை. வரிசையாக நிற்கிற பதிமூன்று எழுத்து, அவ்வளவுதான்.

"ஆர். ஐ. எம். ஓ. யூ. தூக்கு, தூக்கு."

யூ-வைத் தூக்கினேன்.

"டி. இன்னொரு டி. ஓ. யூ. தூக்கு. முடிஞ்சுது. இப்ப நம்பரு."

நம்பரையும் பிறந்த தேதியையும் அப்படியே ஓதினார். அனுப்பினேன். யூ.பி.எஸ். நீளமாக ஒரு கூவல் போட்டது. திரையில் சரி என்ற பதில் வந்ததைப் பார்த்தேன், இரண்டு பேரும் பார்த்தோம், உடனே திரை கறுத்துவிட்டது. மணி பத்து இருபத்திரண்டு.

பாயின் செல்லிலிருந்து நாங்கள் கூப்பிட்டால் கவுண்டரில் எடுக்க ஆளில்லை. அவர்கள்தான் கூப்பிட வேண்டும். பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் உடைந்த நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பத்தரை தாண்டி ஐந்து நிமிஷம் கழித்துச் செல் அடித்தது. அந்த ஏர்லைன் பெண்தான்.

"பாசஞ்சர் உள்ள போயிட்டார் மேடம். ஒண்ணு சொல்லணும். அந்த சீல் போட்ட பேப்பர் இல்லன்னா ஸ்பெல்லிங் மிஸ்டேக்குன்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஈ.டி.ஏ. இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்."

நான் எதைப் பார்த்துப் பரோட்டாக் கடை வரைக்கும் கேட்கச் சிரித்தேனோ, அது. செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. பாயிடம் சொன்னேன். "எழுதினவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கே புதுக் கீபோர்டும் வாங்கிவிட்டார், அது வேறு விஷயம்.

4. கவர்

மூன்று வாரம் கழித்துச் சவரிமுத்து வந்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவர் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டு சிட்னி புராணம் பாடினார்.

"புது வீட்டுக்கு வைக்கணும்னு நம்ம அளத்து உப்பு ரெண்டு கிலோ எடுத்துனு போனேன். ஏர்போர்ட்டுல ஆபீசருங்க நாலு பேரு சுத்தி நின்னுக்கிட்டு அதையே பாக்கறானுங்க. மரக்காணம் உப்புடா, நக்கிப் பாருடான்னேன். ஒருத்தன் நெஜமாவே நக்கிட்டான்."

பிறகு ஒரு கவரை என் முன்னால் வைத்தார். "ரோஸ்லின் குடுக்கச் சொன்னா. உனக்குத்தான்."

உள்ளே ஒரு ஃபோட்டோ. கோட்டுப் போட்ட சவரிமுத்து, கழுத்து இறுகி மூச்சுமுட்டுகிற முகத்தோடு நடக்கிறார். வெள்ளை உடுப்பில் ரோஸ்லின் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ஏழெட்டு நிமிஷம் தாமதமாகியிருந்தால் இந்தப் படம் இருந்திருக்காது.

கவரைத் திருப்பினேன். மேலே என் பெயரைச் சவரிமுத்து தன் கையால் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். சி, எச், ஏ, கே, ஐ, ஆர், ஏ. படித்தால் சாகிரா என்று வருகிறது.

"சார், என் பேரு ஷாகிரா. எஸ்-ல ஆரம்பிக்கணும்" என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

"எங்க பிரெஞ்சுல ஷா-வுக்கு சி.எச்.தாம்மா" என்றார் அவர்.

பாய் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கையில் ஸ்கேல் இருந்தது.

பேனாவை மூடி வைத்தேன். அந்தக் கவர் இன்னும் என்னிடம் இருக்கிறது, சி.எச். போட்டபடியே.