என் மகனுக்குத் தைத்த தோல்பை

பிள்ளை பால் குடிக்காத வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "குடிச்சானா?" தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் கேட்பார்கள். கம்பெனி விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் கணவர் கேட்பார். பதில் என் முகத்திலேயே தெரியும்போது வாயைத் திறந்து வேறு கேட்க வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீயே கேளு அவன" என்று ஒருநாள் பிள்ளையைத் தூக்கி அவரிடம் நீட்டினேன். அவர் கைக்குப் போனதும் அவன் இன்னும் வீறிட்டான். அவர் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில்தான் எங்கள் இருவருக்கும் வேலை. நான் தையல் பிரிவு, அவர் தோல் வெட்டும் பிரிவு. பெரியவர்களை மீறிச் செய்துகொண்ட கல்யாணம் என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டாம் மாதமே வலி வந்து, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. அவனைக் கையில் வாங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. துணியோடு சேர்த்துத்தான் கனம் தெரிந்தது.

அந்த வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். என் ரவிக்கையைத் தளர்த்தச் சொல்லி, இடுப்புத் துணியும் குல்லாயும் மட்டும் போட்ட பிள்ளையை என் வெறும் மார்பின்மேல் நிமிர்த்தி வைத்து, அகலமான பருத்தித் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினார். "இனிமே சார் இங்கதான் குடியிருப்பாரு. வாடகை வசூல் பண்ணாதீங்க" என்றார். அதுவரை பீய்ச்சினால் நாலு சொட்டு வருவதே பெரும்பாடாக இருந்தது. கட்டிய மறுநாள் ரவிக்கை நனைந்தது. அதைவிட எனக்கு மறக்காதது அவன் மூக்குதான். கண்ணைக்கூடத் திறக்காமல், மார்பில் மூக்கை உரசிக்கொண்டே இறங்கி, இடத்தைத் தானாகக் கண்டுபிடித்து வாயை வைத்தான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவனுக்கு?

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் இரண்டே விஷயம் சொன்னார். "எவ்ளோ நேரம் முடியுமோ அவ்ளோ நேரம் கட்டிக்கிட்டே இருங்க. வெயிட் எறங்கிச்சுன்னா மறுபடி உள்ளதான்." தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்களுடையது வரிசை வீடுகளில் ஒற்றை அறை. சமைக்கும்போதும் கடைக்குப் போகும்போதும் பிள்ளையை அந்தத் துணியில் கட்டிக்கொண்டு, மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டு போவேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைப்பார்கள், தோளில் போடுவார்கள், வீட்டுக்குள் புடவையில் ஏணை கட்டி ஆட்டுவார்கள். உடம்போடு முடிந்துகொண்டு தெருவில் நடப்பவர்கள் வேறு வழியில்லாதவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. டீக்கடையில் ஒருவர் என் கணவரிடம் கேட்டேவிட்டார்: "இன்னாபா, உன் பொண்டாட்டி புள்ளய மாருல கட்டினு போவுது, பஸ் ஸ்டாண்டுல கை நீட்டறவங்களாட்டம்?"

அவர் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார். பிறகு, "நல்லதா ஒண்ணு நானே செஞ்சித் தர்றேன்" என்றார்.

செல்போனில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பிள்ளையைப் பை போன்ற ஒன்றில் மாட்டிக்கொண்டு நடக்கிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அட்டையில் வரைந்து வெட்டினார். என் தோள், இடுப்பு, முதுகு எல்லாவற்றுக்கும் அளவெடுத்தார். யார் யார் ஊர்ப் பிள்ளைகளுக்கோ சைஸ் சைஸாக ஷூவுக்குத் தோல் வெட்டுகிறவர். தன் பிள்ளைக்கென்று வெட்டியது அதுதான் முதல் தடவை. ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற ஆட்டுத்தோலில், கழித்துப் போட்டதில் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தார். கன்னத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவு மிருது. ஓரங்களை மடித்து சொல்யூஷன் பசை போட்டு ஒட்டி, வீட்டில் மிஷின் வைத்திருக்கிற கூட்டாளியிடம் கொண்டுபோய் அவரே உட்கார்ந்து தைத்தார். நான் வருஷக்கணக்காக ஷூ தைத்தவள். குறை கண்டுபிடித்தே தீருவது என்று தையலை ஓரம் ஓரமாகப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது நாலு வீட்டுக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து பக்கிளை இழுத்துப் பார்த்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் கணவர் பக்கத்தில் கைகட்டி நின்ற தோரணையைப் பார்க்க வேண்டுமே, ஏதோ விமானம் செய்து பறக்கவிட்டவர் மாதிரி!

பிள்ளை மார்பை விட்டது அதற்குப் பிறகுதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. முதலில் வாயை வைத்து வைத்து எடுத்தான். பிறகு மார்பின் பக்கம் திருப்பினாலே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான். பிடிக்கிற விதம் தப்பு என்று நினைத்து மாற்றி மாற்றிப் பிடித்தேன். சூடு பிடித்திருக்கும் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். பூண்டும் பால்சுறாவும் தின்று எனக்கே குமட்டியது. பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டினால் பாதி கடைவாயில் வழிந்தது, மீதியைக் கக்கினான். கட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாரே சிஸ்டர், முதலில் கட்டியதும்தானே பால் ஊறியது? அதனால் அவன் குடிக்காமல் போகப் போக, நான் அவனை அந்தப் பையில் இன்னும் அதிக நேரம் போட்டு வைத்தேன். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினேன். மேல் வியர்வையோடு ரவிக்கையும் உடம்பும் அதிலேயே ஊறிக் கிடந்தன.

பால் குறைந்தது. மார்பு இரண்டும் வற்றித் தொங்கின. அவன் அழுகையும் குறைந்தது, அதுதான் இன்னும் பயம். செத்துப்போய்விடுவானோ என்று ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் துணி மடிக்கும்போதும் அதே நினைப்பு, அரிசி கழுவும்போதும் அதே நினைப்பு. செவ்வாய்க்கிழமை வேலூருக்குப் போக வேண்டும், எடை பார்ப்பார்கள். அந்தச் செவ்வாய் வரவே கூடாது என்றிருந்தது. சீக்கிரம் வந்து யாராவது இவனை என்னிடமிருந்து வாங்கிக் காப்பாற்றினால் தேவலை என்றும் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கைக்குழந்தை, பெண். வீட்டில் உருது பேசுகிறவர்கள். அவர் கணவருக்கு வாணியம்பாடியில் தோல் குடோனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்து பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"நான் குடுத்துப் பாக்கட்டா? பால் குடுத்தா ரெண்டும் கூடப் பொறந்ததுங்க ஆயிடும், எங்கள்ள அப்படிதான். அதான் எங்க வூட்டுக்காரர கேட்டேன். குடுன்னுட்டாரு. நீ இன்னா சொல்றே?"

பிள்ளையை எடுத்து நீட்டினேன்.

அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அக்காவின் மார்பில் மூக்கை உரசினான், வாயை வைத்தான், குடித்தான். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்த சத்தம் அது! பிள்ளை பிழைத்தான் என்று கும்பிட வேண்டிய நேரத்தில், அந்த அக்காவைப் பிடித்துத் தள்ளி அவனைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு. வாயில் குறையில்லை. பசியில் குறையில்லை. என்னைத்தான் வேண்டாம் என்கிறான். பெற்ற தாயை வேண்டாம் என்கிற பிள்ளையை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

"ரோ நக்கோ" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அழாதே என்று அர்த்தம். "நாளைக்கும் குடுக்கறேன். ஆனா டெய்லி முடியாதுமா, என் பொண்ணுக்கே பத்த மாட்டேங்குது."

செவ்வாய்க்கிழமை என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. துவைத்த புடவையாகப் பார்த்துக் கட்டி, பிள்ளையைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். சேலத்திலிருந்து வருகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த நடுத்தர வயது அம்மாள் நான் உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். கொஞ்ச தூரம் போனதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு இது பழக்கம்தான். ஆம்பூரில் ரயில் நின்றால் தோல் பதனிடுகிற வாடைக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், பிரியாணி வந்தால் மட்டும் திறப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். அன்றைக்கு எனக்குச் சிரிக்கிற தெம்பு இல்லை.

"ஏனுங்க அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. கொமட்டிட்டு வருதுங்க" என்றார்.

"நான் குளிச்சிட்டுதான் வர்றேன்" என்று கத்தினேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, உங்களைச் சொல்லலீங்க. அந்தப் பை. என்னமோ தோலு வாடை, பசை வாடை. பச்சக் கொழந்தைக்கு எப்படித்தான் மூச்சு விட முடியுதோ!"

கோபத்தில்தான் பக்கிளைக் கழற்றினேன், புத்தி வந்து இல்லை. பிள்ளையை மடியில் கிடத்திவிட்டு, பையைத் தூக்கி மூக்கில் வைத்து நன்றாக இழுத்தேன். ஒன்றுமே வரவில்லை. சும்மா காற்றை மோந்த மாதிரி இருந்தது. என்ன வாடையைச் சொல்கிறார் இந்த அம்மாள்? பையை இறக்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை, நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

நான் ஆம்பூரில் பிறந்தவள். என் கணவரும் அப்படியே. பக்கத்து வீட்டு அக்காவும், பையைத் தொட்டுப் பார்த்த தெருவும் அப்படியே. இவன் ஒருவன்தான் ஆம்பூரில் பிறக்கவில்லை. இவன் வேலூரில் பிறந்து, என் வெறும் மார்பை மோந்துகொண்டு கிடந்தவன். எங்கள் மூக்குக்கு ஏறாத வாடை இவனுக்கு ஏறியிருக்கிறது.

பையைச் சுருட்டி, காலடியில் வைத்திருந்த கூடைக்குள் அடியில் திணித்தேன். அந்த அம்மாளிடம் தண்ணீர் பாட்டில் கேட்டேன். புரிந்துகொண்டாரோ இல்லை பாவம் பார்த்தாரோ, தன் முந்தானையை விரித்து என்னை மறைத்துப் பிடித்தார். என் முந்தானை நுனியை நனைத்துக் கழுத்திலிருந்து மார்புவரை அழுத்தித் துடைத்தேன். தோல் சிவக்கிற வரை துடைத்தேன். பிறகு அவன் சட்டையைக் கழற்றி, வெறும் உடம்போடு மார்பில் போட்டு முந்தானையால் மூடிக் கட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. முனகினான், தலையைத் திருப்பிக்கொண்டான். பள்ளிகொண்டா தாண்டியது. நான் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தேன், சாமியைத்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் மூக்கு அசைந்தது. உரசியது. நக்கினான், நிறுத்தினான், மறுபடி நக்கினான். நான் மூச்சு விடவில்லை. வாயை வைத்தான். பால் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அவன் தாடை அசைந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எடை இறங்கித்தான் இருந்தது. நடந்ததை சிஸ்டரிடம் சொன்னேன். "வாசனையா இருக்கலாம். நடுவுல அந்தத் தோல்பை தடுத்ததாவும் இருக்கலாம். எதுவா இருந்தா இன்னா, துணியே கட்டுங்க" என்றார். சாயங்காலம்வரை உட்கார வைத்து அவன் குடிப்பதைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து, பழைய பருத்தித் துணியில் அவனைக் கட்டிக்கொண்டு குடிக்க விட்டிருந்தேன். கம்பெனி விட்டு அவர் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"குடிச்சானா?"

நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று பஸ் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் போட்டு உடைத்துவிட்டேன். "அந்தப் பை நாத்தம் அடிக்குதாம். அதான் குடிக்கல. இப்ப குடிக்கிறான்."

அவர் கூடையிலிருந்து பையை எடுத்தார். முகத்தை அதில் புதைத்து இழுத்தார். உள்பக்கம், வெளிப்பக்கம், அவர் அத்தனை பார்த்துப் பார்த்து மடித்து ஒட்டிய ஓரம், எல்லாவற்றையும் மோந்தார்.

"எனுக்கு ஒண்ணும் வர்லியே."

"எனுக்குந்தான் வர்ல."

பையைக் கீழே வைத்தார். வலது கையைத் தூக்கி மோந்தார். புரட்டி மோந்தார். சட்டைக் காலரை இழுத்து மோந்தார். அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அப்ப நான் இவன தூக்கவே கூடாதா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் பிள்ளை அப்போதுதான் நன்றாகப் பிடித்திருந்தான், நான் ஒரு சொல் சொன்னால் நெஞ்சு அதிர்ந்து விட்டுவிடுவானோ என்று பயந்தேன். பேசாமல் இருந்தேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

சோப்புப் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம், மறுபடி தேய்க்கிற சத்தம். தெருவில் யாரோ என்னப்பா என்று கேட்டார்கள், தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது முழங்கைவரை சிவந்திருந்தது. உள்ளே வரவில்லை. ஈரக் கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார்.

"இன்னும் குடிக்கிறானா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.