குளியலறைப் பெரட்டு

போன வாரம் கொழும்பில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டும் சத்தத்தில்தான் விழித்தேன். உள்ளே பேத்தி. வெளியே பேரன், தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறான். வாசலில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கிறது. மகள் அடுப்படியிலிருந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிறாள். கதவிடுக்கு வழியாகச் சோப்பு வாசனையும் சுடுதண்ணீர் ஆவியும் வருகின்றன. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மகள் முறைத்தாள். அவளுக்கு எங்கே தெரியப் போகிறது, இதைவிடப் பெரிய யுத்தமெல்லாம் பார்த்த ஆள் நான் என்று.

அந்த ஆவியில் ஒன்று குறைந்தது. புகை. புகை வாசம் இல்லாத சுடுதண்ணீரை என் உடம்பு இன்றுவரை சுடுதண்ணீர் என்று ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை எரித்துத்தான் தண்ணீர் காய்ச்சுவோம். குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் புகை மணக்கும். அதுதான் எங்களுக்குச் சென்ட்.

வீடு என்றேன் அல்லவா, லயம் என்பதே சரி. மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வரிசையாகக் கட்டிய அறைகளில் எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு. ஒன்றில் அப்பா, அம்மா, சரசு அக்கா, நான், தம்பிகள் இருவர். மற்றதில் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. லயத்து ஜனங்கள் எல்லாரும் பீலியில்தான் குளிப்பார்கள். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து திறந்தவெளியில் கொட்டும் இடம் அது. அக்கா பெரிய பிள்ளையானதும் அம்மா ஒரே பிடியாக நின்று, அப்பாவையும் சித்தப்பாவையும் கொண்டு லயத்துக்குப் பின்னால் ஒரு மறைப்புக் கட்டவைத்தாள். நாலு கம்பு. சுற்றிலும் தார் பீப்பாயை வெட்டி நிமிர்த்திய தகரம். கதவுக்குப் பதில் சாக்கு. கூரைக்குப் பதில் வானம். காலுக்கடியில் ஒரு தட்டைக் கல், வெளியே அடுப்பில் தண்ணீர் காயும் டின். இதைத்தான் குளியலறை என்று சொல்லிக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

ஆனால் காலை நேரத்தில் அந்தச் சாக்குக்கு முன்னால் நடந்த கூத்து இருக்கிறதே! அப்பா ஸ்டோரில் இரவு வேலை. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தேயிலைத் தூளில் முங்கி எழுந்தவர் மாதிரி விடியற்காலையில் வருவார், நேரே உள்ளே நுழைவார், ராகம் இழுப்பார். அவர் ராகம் முடிந்தால் சித்தப்பா உடைந்த கண்ணாடித் துண்டோடு மீசை ஒதுக்கப் போவார். தம்பிகள் இரண்டு பேரும் உள்ளே போனால் சுடுதண்ணீர் முழுவதும் ஒருவன் தலையில் ஒருவன் ஊற்றியே தீரும். எல்லாரும் முடித்தபின் டின்னில் அடித் தண்ணீர் மிஞ்சும். அதற்காக அக்கா வாளியோடு பனியில் நிற்பாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்துவேன்.

நின்றால் என்ன என்று கேட்கக்கூடாது. அக்கா மட்டும்தான் எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குக் கோச்சியில் போய்ப் படித்தவள். கோச்சி என்றால் ரயில். அது யாருக்காகவும் நிற்காது. அதை விட்டால் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். அப்படி எத்தனையோ நாள் பிந்திப் போய்விட்டாள். கடைசியில் தலைமையாசிரியை கூப்பிட்டு, இன்னும் ஒரு நாள் பிந்தினால் அதோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா அதை வீட்டில் சொன்னபோது அப்பா பெரிதாகக் கலங்கவில்லை.

"வராட்டிப் போகுது. வயசு வந்துருச்சுல்ல. தொரைகிட்டச் சொல்லிப் பேரு பதிஞ்சுருவோம். அம்மாவோட கொழுந்து பறிக்க மலைக்குப் போகட்டும்."

பேர் பதிவது என்றால் தோட்டத்தில் தொழிலாளியாகச் சேர்ப்பது. ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு புத்தகம் ஏது? அன்றிரவு அக்கா கம்பளிக்குள் சத்தம் வராமல் அழுதாள். ஒரே கம்பளி, நானும் அதற்குள்தான் இருந்தேன். அவளோடு நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி மஸ்கெலியாவிலிருந்து சித்தி வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அக்கா அடித் தண்ணீருக்கு நிற்பதையும் அப்பா உள்ளே ராகம் இழுப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். சித்தியின் அப்பா ஒரு சில்லறைக் கங்காணி. கொஞ்சம் ஆட்களை மேய்க்கும் சின்னக் கங்காணி. அந்த ரத்தம் சும்மா இருக்குமா?

"அக்கா," என்றாள் அம்மாவிடம், "நாளையிலேருந்து இங்கயும் பெரட்டுதான்."

தோட்டத்தில் விடியற்காலை தப்படித்து எழுப்புவார்கள். பிறகு எல்லாரும் ஓரிடத்தில் கூடி நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் பெரட்டு. பிந்தி வந்தால் அரைப்பேர். அதாவது அரைநாள் சம்பளம்தான். சித்தி அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து எங்கள் சாக்குக்கு முன்னால் வைத்தாள். தப்புச் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பு மூட்டுவாள். தண்ணீர் காய்ந்ததும், குளிருக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பெயர் கூப்பிடுவாள். முதல் பெயர் சரசு. அடுத்து அம்மா. பிறகு நான். தம்பிகள் ஒருவர்பின் ஒருவராக, ஆளுக்கு ஒரு வாளி, அதற்குமேல் ஒரு சொட்டுக் கிடையாது. சித்தப்பாவின் மீசை வெளியே, மரத்தில் மாட்டிய கண்ணாடியில். அப்பா கடைசி. அவர் தூங்கத்தானே போகிறார்.

கூப்பிட்ட குரலுக்கு வராதவர்களுக்கு அரைப்பேர். எங்கள் வீட்டில் சம்பளம் ஏது? அரை ரொட்டி. தேங்காய்ச் சம்பலோடு ஆளுக்கொரு ரொட்டிதான் காலைச் சாப்பாடு. அதில் பாதியைப் பிய்த்து எடுத்துவிடுவாள். என் பாதி எத்தனை முறை தம்பிகள் வயிற்றுக்குள் போனது என்பதை இப்போது எதற்குச் சொல்ல.

அப்பாவும் ஒருநாள் மாட்டினார். வழக்கம்போல வந்ததும் வராததுமாக உள்ளே நுழைந்துவிட்டார். சித்தி புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். அப்போது அதுதான் முறை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, இன்னைக்கு அவுகளுக்கும் அரைப்பேருதான்னு சொல்லிருங்க."

உள்ளே ராகம் நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா வெளியே வந்தார், அரை ரொட்டியை வாங்கித் தின்றார், போய்ப் படுத்தார். மறுநாளிலிருந்து சாக்குக்கு வெளியே குந்தியிருந்து தன் முறை வரும்வரை பீடி பிடித்தார். அக்கா ஒருநாள்கூடப் பிந்தவில்லை. அந்த மாதங்களில் நாங்கள் இருந்த குதூகலத்தைச் சொல்லி முடியாது. தப்புச் சத்தம் காதில் விழுந்தால் போதும், பட்டாளத்துக்காரர்கள் மாதிரி எழுந்து நிற்போம். எல்லாம் அந்தத் தப்பை நம்பித்தான் நடந்தது. அங்கேதான் எங்கள் மூளை கொஞ்சம் இடறிவிட்டது.

ஒரு நாள் சங்கம் வேலை நிறுத்தம் என்று சொல்லிவிட்டது. மறுநாள் மலையும் இல்லை, ஸ்டோரும் இல்லை. லயம் முழுக்கச் சந்தோஷமும் பயமுமாக அதையே பேசிவிட்டுப் படுத்தது. வேலை இல்லையென்றால் பெரட்டு இல்லை, பெரட்டு இல்லையென்றால் தப்பும் அடிக்கமாட்டார்கள் என்பது ஒரு மனுஷருக்கும் தோன்றவில்லை. சித்திக்கே தோன்றவில்லை என்றால் பாருங்கள். கோச்சிக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்யவில்லை. ஹட்டன் பள்ளிக்கூடமும் செய்யவில்லை.

கூரைத் தகரத்து ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து என் கண்ணில் குத்தியது. எழுந்து உட்கார்ந்தேன். அம்மா தூங்குகிறாள், அப்பா தூங்குகிறார், அக்கா தூங்குகிறாள். எங்கள் வீட்டில் அப்படியொரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைச் சுவரில் மாட்டியிருந்த சாமி படம் ஆடியதாகச் சித்தப்பா பிறகு சொல்வார்.

"சித்தீ, விடிஞ்சுருச்சு."

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். அடுப்பு மூட்ட நேரமில்லை. அக்கா பச்சைத் தண்ணீரிலேயே மேல் கழுவினாள். சாக்குக்குப் பின்னாலிருந்து அவள் பல் கிட்டும் சத்தம் கேட்டது. வேலை நிறுத்தம் என்பதால் லயத்துப் பெண்கள் எல்லாரும் வீட்டில்தான். அடுத்த வீட்டுக்காரி தேத்தண்ணிக்குக் காய்ச்சிய கேத்தலை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "இந்தா, முகத்துக்காவது ஊத்து" என்று சாக்குக்குள் நீட்டினாள். இன்னொருத்தி அக்கா காலில் போடும் சப்பாத்தைத் துடைத்தாள். அம்மா ஒரு பக்கச் சடையும் சித்தி மறுபக்கச் சடையும் பின்ன, நான் ரொட்டியை அக்காவின் வாயில் திணித்தேன். மேலே கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷன் பக்கமிருந்து கோச்சி ஊதியது. அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. போய்விட்டது என்று எனக்கும் தோன்றியது.

வாசலில் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். பேர் பதியலாம் என்று சொன்னவர். சும்மா அப்படியே உட்கார்ந்திருந்தாலே போதும், அவர் சொன்னது நடந்துவிடும். சித்தி கையிலிருந்த சடையை விடாமல் திரும்பினாள். தலைப்பை இழுத்துவிடவில்லை.

"பெரியத்தான், கோச்சி வந்துருச்சு. நீங்க போயி நிப்பாட்டுங்க."

சித்தி அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. எல்லார் கையும் நின்றுவிட்டது. அப்பா அவளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். எழுந்தார். கம்பளி கீழே விழுந்ததை எடுக்கக்கூட இல்லை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓட ஆரம்பித்தார்.

அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அவர் தலை மட்டும் மேலும் கீழுமாகப் போவது தெரிந்தது. பின்னால் நாங்கள். முன்னால் அக்கா, அவள் சடையின் நுனியைப் பிடித்து ரிப்பன் கட்டிக்கொண்டே சித்தி, புத்தகப் பையோடு நான், எதற்கென்றே தெரியாமல் அரைக்கால் சட்டையோடு தம்பிகள் இருவர். லயத்துப் பெண்கள் மேலே நின்று "ஓடு சரசு, ஓடு" என்று கத்துகிறார்கள். என் ஆயுளில் அதைப்போல ஒரு ஓட்டம் இல்லை. விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். வலி மறுநாள்தான் தெரிந்தது.

நாங்கள் ஸ்டேஷனுக்கு மேலிருக்கும் வளைவுக்கு வரும்போது கோச்சி வந்து நின்றிருந்தது. அப்பா ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருச் சிங்களம்தான்.

"மாத்தயா, பொட்டக் இன்ன. மகே துவ. இஸ்கோலெட்ட யனவா."

ஐயா, கொஞ்சம் இருங்க, என் மக, பள்ளிக்கூடம் போகுது. அவ்வளவுதான் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் ஊர்வலத்தை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். கோச்சியின் கார்டு பின்னாலிருந்து ஏதோ சத்தம் போட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் காதில் வாங்கவில்லை. அக்கா ஏறினாள். கொடி அசைந்தது.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடிக்க வெகுநேரமானது. மேலே ஏறி வரும்போது அம்மாவுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அம்மா அங்கே இல்லை. கேட்டவர்கள் சித்தியும் நானும்தான்.

"இனி பேரு பதியிற பேச்ச எடுக்கவேணாம்னு சொல்லிருங்க."

யாரோ இத்தனை நாளாக அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டிருந்த மாதிரி. வேலை நிறுத்தம் முடியும்வரை தினமும் அவரே இருட்டோடு எழுந்து, குளிக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தப்படித்தார். தாளம் சகிக்காது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் தூங்கவும் முடியாது.

அக்கா படித்து முடித்து டீச்சராகி, தோட்டப் பள்ளிக்கூடங்களிலேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். அந்தத் தகரக் குளியலறை இல்லை. தப்புச் சத்தம் இல்லை. லயத்தை இடித்துவிட்டுத் தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு பூட்டுப் போடும் குளியலறை. நல்லதுதான். தார்த் தகரத்தை நினைத்து அழுகிற ஆள் நான் இல்லை.

நான் அழுதது ஒன்றுக்குத்தான். பிற்பாடு, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இருக்கும், இரண்டு நாட்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி சித்தப்பா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும்படி வந்தது. எங்களுக்கு இங்கேயே இருக்கும்படி. அப்போது எத்தனையோ குடும்பம் அப்படித்தான் பிரிந்தது. அவர்கள் புறப்பட்ட காலையில் எழுப்ப யாரும் தேவைப்படவில்லை, ஏனென்றால் ஒருவரும் தூங்கவில்லை. கோச்சி வர வெகுநேரம் இருக்கும்போதே வட்டகொடை ஸ்டேஷனில் நின்றோம். அப்பா ஸ்டேஷன் மாஸ்டரின் அறை வாசல்வரை போனார். உள்ளே போகாமல் திரும்பி வந்தார். சித்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கே. நல்லாத் தொவட்டலயா நீ?"

யாராவது ஒருவர் அன்றைக்குப் பிந்தி வந்திருக்கலாம். சித்தி வளர்த்த பிள்ளைகள் நாங்கள், ஒருத்தரும் பிந்தவில்லை. கோச்சி நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது.