நிரம்பியே இருந்த கூலன்ட் டப்பா

செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். என் மகள் நிவேதா அங்கே ஒரு கல்லூரியில் அன்று வேலைக்குச் சேர வேண்டும். பதினொரு மணிக்குள் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். விடுதிக்குப் படுக்கை, வாளி, பெட்டி எல்லாம் இருக்கிறதே என்று நான்தான் காரை எடுத்தேன். அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வாங்கிய கார், வாங்கும்போதே பழையது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் தெருவைத் தாண்டினோம்.

ஒலக்கூர் கடந்ததும் வெப்பமுள் மேலே ஏறியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் வெள்ளைப் புகை. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு லாரி, விடாமல் ஹாரன் அடித்தபடி. அது எங்களை உரசாமல் போனது எப்படி என்று இன்னும் விளங்கவில்லை. ஓரங்கட்டி, ஆறவிட்டு, ஆறவிட்டு ஓட்டி, திண்டிவனம் நுழைவில் இருந்த மெக்கானிக் கொட்டகையைப் பிடித்தபோது மணி ஒன்பது ஆகிவிட்டது. விழுப்புரத்துக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர்.

மெக்கானிக் சேகர் நன்றாகப் பேசுகிறவர். எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து என்னிடம் நீட்டினார். அடியில் பால் கலந்த டீ போல நுரை அப்பியிருந்தது. பக்கத்துத் தெருவரை மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் கோத்து இப்படி ஆகலாம் என்று எங்கோ படித்திருந்தேன், அதைச் சொன்னேன். சொல்லும்போதே அது என் ஆசை என்று தெரிந்தது. இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். அதிலும் அதே டீ நிறம். ஊற்றாத ஆயில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. குச்சி நுனியிலிருந்து ஒரு சொட்டைச் சூடான சைலன்சர் குழாயில் விட்டார். படபடவென்று பொரிந்தது.

“தண்ணி கலந்துடுச்சுக்கா. ஆனா கூலன்ட் டப்பா ரொம்பி இருக்கே. அப்ப உள்ள போன தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?”

எனக்குப் பதில் தெரியும். நிவேதா முந்திக்கொண்டாள். “எங்கம்மா தெனிக்கும் காலைல அதுல தண்ணி ஊத்துவாங்கண்ணா. செடிக்கு ஊத்திட்டு, நேரா இங்கதான்.”

சேகர் சிரித்துவிட்டார். “தெனிக்கும் ஊத்திக்கினே இருந்தா, உடம்பு சரியில்லன்னு வண்டி எப்பிடிக்கா சொல்லும்?”

எஞ்சினுக்குள் தண்ணீரையும் ஆயிலையும் பிரிக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்பது அவர் கணிப்பு. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் உறுதியாகிவிடும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும். முக்கால் மணி நேரமாவது ஆற வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டே விழுப்புரம் போய்விடலாமா என்று கேட்டேன். ஆயிலுக்கு வழவழப்பே போய்விட்டது, வழியிலேயே எஞ்சின் இறுகி நின்றுவிடும் என்றார். அந்த லாரி நினைவுக்கு வந்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டு நானும் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். நிவேதா பெட்டியை மட்டும் இறக்கினாள்.

“வேணாம்மா. நான் போய்க்கிறேன். நீ இருந்து வண்டிய பாரு. மத்த சாமானெல்லாம் அப்புறம் வரட்டும்.”

வாதாட நேரமில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை வாங்கி, கொட்டகைக் குடத்திலிருந்து நிரப்பப் போனேன்.

“ம்மா, அது ரொம்பித்தான் இருக்கு. அதையும் டாப்-அப் பண்ணாத.” பிறகு கொஞ்சம் தணிந்து, “போன் பண்ணிக்கினே இருக்காத, என்னா? சேந்ததும் நானே சொல்றேன்.”

ஷேர் ஆட்டோவில் ஏறி பஸ் நிலையம் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி மட்டும் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது.

சேகர் எனக்கு வேகவைத்த மல்லாட்டை வாங்கித் தந்தார். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்து, கடலையை உரித்துக்கொண்டே இருந்தேன், தின்றதாக நினைவில்லை. எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, என்னைச் சாவி போட்டு எஞ்சினை ஓடவிடச் சொன்னார். தண்ணீரில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. “பாத்தீங்களா, கேஸ்கெட்டேதான்” என்றார், ஜெயித்த குரலில். ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஒரு வாரம் ஆகலாம். சரிசெய்தபின் டப்பாவில் ஒரு கோடு போட்டுத் தருவதாகவும், நான் ஊற்றாமல் பார்க்க மட்டும் வேண்டும் என்றும் சொன்னார்.

பத்தரைக்குக் கைபேசி அதிர்ந்தது. ‘ரீச்டு’ என்று ஒரே சொல். பதினொன்றரைக்கு இன்னொன்று: ‘சைன் பண்ணிட்டேன்.’ கொட்டகைக்கு வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

காரைச் சேகரிடம் விட்டுவிட்டுப் பஸ் நிலையம் போனேன். விழுப்புரம் பஸ்தான் முதலில் வந்தது. படிக்கட்டுவரை போனேன். கண்டக்டர் ஏறச் சொன்னார். நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் பின்வாங்கினேன். பிறகு செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலையில் நாங்கள் நின்ற ஓரத்தை ஒலக்கூர் அருகே தேடினேன். எல்லா இடமும் ஒன்றுபோலவே இருந்தது.

மாலை வீட்டில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது நிவேதா அழைத்தாள்.

“ஏம்மா, காலைலேர்ந்து ஒரு போன்கூட பண்ணல? உடம்பு கிடம்பு சரியில்லையா?”