ரேணுகா அக்கா அறுத்துத் தின்ற பழம்

காரிமங்கலம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ரேணுகா அக்காவின் கணவர் முருகேசன் போன் செய்தார். "உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார். வந்த பேருந்தில் ஏறாமல் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் மா விவசாயிகள் குழுவில் ஏற்றுமதிப் பழங்களைத் தரம் பார்த்தவர் அக்கா. நானும் அவருடன் வேலை பார்த்தேன். கொட்டைக்குள் வண்டு இருந்தாலும் பழத்தின் தோலில் அடையாளம் தெரியாது. வெளிநாட்டில் அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் சரக்கு முழுவதும் வீண். கதிர்வீச்சு செலுத்தினால் அந்த வண்டு இனம் பெருக்காது. இதை ஊர் ஊராகச் சொல்லி நம்பவைத்தது அக்காதான்.

இன்று இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் முதல் கூட்டத்தில் இருந்தீர்கள். மாந்தோப்புக்காரர் மாதையன் எழுந்து, "கதிரு பாய்ச்சுன பழத்தை மனுசன் திங்கலாமா? அது உள்ளயே தங்கிடாதா?" என்று கேட்டார்.

"எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு வூட்டுக்கு வர்றீங்க. அது உங்க உடம்புல தங்கிடுதுங்களா? பழமும் அப்படித்தானுங்க" என்றார் அக்கா.

சொன்னதோடு நிற்காமல், கதிர்வீச்சு முடிந்து வந்த பழம் ஒன்றை அங்கேயே அறுத்துத் தின்றார். சாறு முழங்கை வரை வழிந்தது. எல்லோரும் சிரித்தோம். அந்தப் பருவத்தில் சரக்கு வெளிநாடு போனது.

சில வருடங்களில் அவருக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அந்தப் பழம்தான் காரணம் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. சிலர் ஏற்றுமதிக்குப் பழம் தர மறுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அக்கா, "பயந்துதானே பேசறாங்க. போய்ச் சொல்லலாம், வா" என்றார்.

முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். நிற்க முடியாமல், உட்கார்ந்தே பேசினார். "இது பழத்தால வந்த நோய் இல்லீங்க. எனக்கு வைத்தியமே கதிருலதான் நடக்குது. என்னைப் பார்த்துப் பயந்து பழத்தை நிறுத்திடாதீங்க."

மாதையன் அழுதார். பாதிப் பேர் பழம் தந்தார்கள். மீதிப் பேர் தரவில்லை.

அடக்கம் முடிந்ததும் முருகேசன் என்னைத் தனியே அழைத்தார். "நீயாவது நெசத்தைச் சொல்லும்மா. அந்தப் பழத்தால இல்லதானே?"

"இல்லீங்க மாமா. ஏன், அக்காகிட்டயே கேக்கலீங்களா?"

"நானே கேட்டா அவ மனசு ஒடஞ்சுடும்னு கேக்கல."

சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், அவசரப்படாமல், அவர் முகத்தைப் பார்த்து. எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்லும் அந்தப் பொறுமை அக்காவுடையது. அதை மட்டுமாவது நான் வைத்துக்கொள்கிறேன்.