சண்முகவடிவின் காலடிக் கிணறு

பட்டினப்பாக்கத்து மீன் கடைகளில் ஈ மொய்க்காத கடை ஒன்றே ஒன்றுதான். அது சண்முகவடிவுடையது. மற்றவர்கள் மீன் கழுவிய தண்ணீரைப் பக்கெட்டில் சுமந்துபோய்க் கொட்ட, இவள் உட்கார்ந்தபடியே காலடிப் பலகைக்கல்லை நகர்த்தி ஊற்றுவாள். தண்ணீர் காணாமல் போகும். கேட்டால் “கைராசி” என்பாள்.

ராசி கையில் இல்லை. பதினெட்டு வருடங்களுக்கு முன்பு நிழலுக்குக் கம்பு நடத் தோண்டியபோது, சுட்ட மண் வளையங்களை அடுக்கிக் கட்டிய பழங்காலத்து உறைகிணறு ஒன்று தெரிந்தது. பழசு என்று தெரிந்தால் அரசாங்கம் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று பயந்து கல்லைப் போட்டு மூடிவிட்டாள்.

போன வருடம் தொல்லியல் ஆட்கள் நூறடி தள்ளித் தோண்டி, அதே மாதிரி மூன்று கிணறுகளை எடுத்தார்கள். தொல்லியல் பூங்கா வரப்போகிறது, வெளியூர்க்காரர்கள் குவிவார்கள், உள்ளூர்க்காரர்களுக்குப் பிழைப்பு உண்டு என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பிறகு வரைபடம் வந்தது. வடிவின் வரிசையில் ‘தொல்பொருள் ஏதுமில்லை, வாகன நிறுத்தம்’ என்றிருந்தது. மீன் கடைகளுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு கட்டடத்தின் மாடி. கிணறு பார்க்க வருகிறவர்கள் காரைக் கிணற்றின் மேல் நிறுத்தப்போகிறார்கள்.

“மாடியேறி எவன்க்கா மீன் வாங்குவான்?” என்றார் பக்கத்தில் ஐஸ் விற்கும் கரீமுல்லா. “பதினெட்டு வருசமா உன் தண்ணி எங்க போவுதுன்னு நான் கேக்கல. இப்ப கேக்கறேன்.”

“கேக்காத நைனா. சொன்னா எடம் பூடும்.”

“சொல்லலன்னா மட்டும் நிக்குதா? கெணறு பக்கத்துல கடை போடலாம். கார் பக்கத்துல இன்னா போடுவ, பஞ்சரா?”

மறுநாள் காலை தொல்லியல் அதிகாரி ஸ்வர்ணலதா, கார் நிறுத்தக் கோடு போட சுண்ணாம்போடு வந்தாள். வடிவு கூப்பிட்டாள்.

“மேடம், கொஞ்சம் இங்க வா.”

கல்லை நகர்த்தி ஒரு குண்டான் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

“எங்கம்மா போச்சு?”

“நீதான படிச்சவ. நீயே பாரு.”

ஸ்வர்ணலதா மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டு மண் வளையங்களைத் துழாவினாள். வெளியே வந்த கையில் முழங்கைவரை செதில். முகத்தில், லாட்டரியில் பரிசு விழுந்ததும் சீட்டைத் தொலைத்ததும் ஒரே நேரத்தில்.

“இதுலயா... எத்தனை வருஷமா?”

“திட்டணும்னா திட்டிக்கோ. எடத்த மட்டும் விட்டுடு.”

“இந்த இடம் போயிரும்மா. கிணறு உங்க காலுக்குக் கீழ இருக்கே, நான் என்ன செய்ய? ஆனா இனி இங்க கார் நிறுத்த முடியாது, கிணறு பாக்க வர்றவங்களுக்கு நடைபாதை இங்க வந்தாகணும். உங்க வரிசை இங்கயே இருக்கட்டும்னு எழுதறேன்.”

எழுதினாள். மூன்று மாதத்தில் புது வரைபடம் வந்தது. கார்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயின. மீன் வரிசை பத்தடி பின்னால் நகர்ந்து, அங்கேயே நின்றது.

பூங்கா திறந்துவிட்டது. வடிவு உட்கார்ந்த இடத்தைச் சுற்றி இப்போது கம்பி வேலி. வழிகாட்டி ஆயிரக்கணக்கான வருடங்களைச் சொல்லி முடித்ததும், வடிவு தன் கடையிலிருந்தே குரல் கொடுக்கிறாள்.

“கடைசி பதினெட்டு வருசம் அவுருக்குத் தெரியாது. இங்க வா, நான் சொல்றேன்.”

வருகிறார்கள். கேட்டுவிட்டுப் பாதிப் பேராவது வஞ்சிரம் விலை விசாரிக்கிறார்கள். கடையில் ஈயும் மொய்க்கிறது. கழுவின தண்ணீரைப் பக்கெட்டில் தூக்கிக்கொண்டு நாற்பதடி நடக்கிறாள்.

“இன்னாக்கா, கைராசி பூட்ச்சா?” என்கிறார் கரீமுல்லா.

“வேலிக்குள்ள வெச்சிக்கிறாங்க. நீ ஐஸ வெட்டு, ஆளு வருது.”